ஏற்காட்டு வீட்டுக் குளிருக்கு எது முதலில்: ஹீட்டரா, ஏசியா, மொட்டைமாடியா?

சேலத்தில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போய் வீட்டைச் சூடாக்க வழி தேடுகிறேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மாசி முடிந்ததுமே மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தூங்குகிற ஊர் அது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால் கதை வேறு. மார்கழியிலும் தையிலும் இரவில் வெளியே 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். ஊட்டி அளவுக்குக் குளிர் இல்லைதான். அங்கே ஆட்கள் குளிருக்கென்று தயாராக இருப்பார்கள், இங்கே வீடு கட்டினவர்கள் யாரும் குளிரை நினைத்துக் கட்டவில்லை. அதுதான் பிரச்சினையே. சேலத்தில் கட்டுகிற அதே 9 அங்குலச் செங்கல் சுவர், அதே 5 அங்குல கான்கிரீட் தளம், அதே ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்.

எங்கள் வீடு நாகலூர் ரோட்டில் இருக்கிறது. முன்பாதி தாத்தா காலத்துக் கல் சுவரும் மங்களூர் ஓடும். பின்பாதியில் இரண்டு அறைகள், 2011-ல் கான்கிரீட் போட்டுக் கட்டியது. அம்மாவுக்கு 74 வயது, மூட்டு வலி, பனிக்காலத்தில் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். புது அறைதானே, ஓட்டு வீட்டை விட வெதுவெதுப்பாக இருக்கும் என்று அவரை அங்கே படுக்க வைத்தோம். முதல் பனியிலேயே, "கண்ணு, மேல இருந்து குளிரு எறங்குது"ன்னு சொல்ல ஆரம்பித்துவிட்டார். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்க மேலே இருந்து எப்படிக் குளிர் இறங்கும் என்று நான்தான் அப்போது காதில் வாங்கவில்லை. ஹீட்டர் வாங்கினோம், அப்புறம் இன்னொரு ஹீட்டர். இரண்டு மாதக் கரண்ட் பில் வந்தபோதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கிலிருந்து வந்தது. இதே முடிவை எடுக்க வேண்டியவர்கள் மலை மேல் நிறையப் பேர் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சூடு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும், அது தெரியாமல் செலவு செய்தால் பாதிக் காசு வீண். அம்மாவின் அறை 12-க்கு 12 அடி, உயரம் 10 அடி. இரண்டு சுவர் வெளிப்பக்கம், 4-க்கு 4 அடியில் ஒரு ஜன்னல். வெளியே 12 டிகிரி, உள்ளே 20 டிகிரி வைத்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், மேல்தளம் வழியாக மட்டும் ஏறக்குறைய 480 வாட் போகிறது. இரண்டு வெளிச் சுவர்கள் சேர்ந்து 350 வாட். கதவு ஜன்னல் இடுக்குகளில் போகும் காற்று, மணிக்கு இரண்டு முறை அறைக் காற்று முழுவதும் மாறுகிறது என்று வைத்தால், 215 வாட். ஜன்னல் கண்ணாடி வெறும் 70. ஆக மொத்தம் சுமார் 1,100 வாட், அதாவது ஒரு ஹீட்டர் நிற்காமல் ஓடினால்தான் 20 டிகிரி நிற்கும். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அம்மா சொன்ன அந்த மேல்தளத்தின் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. தை மாதம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் இரவுகளில் மொட்டைமாடி தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும், தளத்தின் மேற்பரப்பு வெளிக்காற்றை விடவும் சில டிகிரி கீழே போய்விடும். காலையில் காரின் மேல் பனித்துளி நிற்பது இதனால்தான். பகலில் வெயிலை வாங்கி வைத்திருக்கும் கான்கிரீட் இரவு ஒன்பது, பத்து மணி வரை கைகொடுக்கும், விடியற்காலை மூன்று மணிக்குப் பார்த்தால் தலைக்கு மேல் குளிர்ந்த பாறை மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அந்த நேரத்தில்தான் விழிப்பு வரும்.

சரி, இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

ஹீட்டர். கடையில் போய் நின்றால் எண்ணெய் ரேடியேட்டர், ஃபேன் ஹீட்டர், ஹாலோஜன் ஹீட்டர் என்று மூன்று வகை காட்டுவார்கள், "ஆயில் ஹீட்டர் கரண்ட் கம்மியா இழுக்கும் சார்" என்றும் சொல்வார்கள். அது சரியல்ல. ப்ளக்கில் சொருகும் எந்த ஹீட்டரும் இழுக்கிற கரண்ட் முழுவதையும் சூடாக மாற்றிவிடுகிறது, 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட், அதிலிருந்து கிடைக்கும் சூடும் 1 யூனிட்தான். ரேடியேட்டருக்கு இருக்கும் நன்மை வேறு: சத்தம் இல்லை, தெர்மோஸ்டாட் இருப்பதால் தேவையான சூடு வந்ததும் நின்றுவிடும், துணி மேலே பட்டால் சட்டென்று தீப்பிடிக்காது. வயதானவர்கள் படுக்கும் அறைக்கு வைப்பதென்றால் அதுதான் வேண்டும். ஹாலோஜன் எதிரில் உட்கார்ந்திருப்பவரைச் சுடும், அறையைச் சூடாக்காது, ஓட்டு வீட்டின் முன்கட்டில் அரை மணி நேரம் பேப்பர் படிக்க அது போதும். அதே இடத்தில் ஃபேன் ஹீட்டர் வைத்தால் சூடான காற்று எல்லாம் ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போய்விடும், சில்வர் ஓக் மரங்களுக்குத்தான் குளிர் காய்கிற மாதிரி ஆகும். எந்த ஹீட்டராக இருந்தாலும் 2,000 வாட்டை 5 ஆம்பியர் பிளக்கில் சொருகாதீர்கள், பழைய ஒயரிங் வீடுகளில் பிளக் உருகுவதை எங்கள் வீட்டிலேயே பார்த்தாகிவிட்டது.

மின்கட்டணத்தைப் பொறுத்தவரை நம் ஊர்க் கணக்கு உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக ஏறும், 500-ஐத் தாண்டிவிட்டால் ஏற்றம் பலமாக இருக்கும். ஹீட்டர் ஓடும் யூனிட்டுகள் எல்லாம் நம் வழக்கமான செலவுக்கு மேல் போய் உட்கார்வதால் அவை விலை அதிகமான படியில்தான் விழுகின்றன. அதனால் ஹீட்டர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தே கணக்குப் போட்டேன். ஐப்பசிக் கடைசியிலிருந்து மாசித் தொடக்கம் வரை 90 இரவு, இரவுக்கு 10 மணி நேரம். எல்லா இரவும் 12 டிகிரி இருக்காது என்பதால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் அம்மாவின் அறைக்கு மட்டும் ஒரு பனிக்காலத்துக்கு 660 யூனிட் வருகிறது. 5,000 ரூபாய்க்கு மேல். இரண்டு அறைக்கு, முன்கட்டுக்கு என்று சேர்த்தால் எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஹாட் அண்ட் கோல்ட் ஏசி. ஏற்காட்டில் ஏசியா என்று கேட்பார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் இது ஹீட்டர் மாதிரி கரண்டைச் சூடாக மாற்றுவதில்லை, வெளியே இருக்கும் காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தள்ளுகிறது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடாக இருக்கிறதே, அதே வேலை. வெளியே 12 டிகிரி என்பது இந்த இயந்திரத்துக்கு ரொம்பச் சுலபமான நிலைமை, நல்ல இன்வர்ட்டர் மாடல் 1 யூனிட் வாங்கி 3 யூனிட் அளவுக்குச் சூடு கொடுக்கும். வெளி யூனிட்டில் பனிக்கட்டி பிடிக்கும் தொல்லை 5 டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களுக்குத்தான். 660 யூனிட் 220 ஆகிவிடும், வருஷத்துக்கு 3,500 ரூபாய் மிச்சம். மழைக்காலத்தில் டிரை மோடில் போட்டால் அறையின் ஈரத்தையும் இழுத்துவிடும், ஆடி ஆவணியில் துணி காயாமல் நாறும் ஊரில் இது பெரிய விஷயம். குறை என்னவென்றால் மாட்டுவதையெல்லாம் சேர்த்து 50,000 ரூபாய் பக்கம் வருகிறது, வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு ஸ்டெபிலைசர் வேண்டும், காற்றடித்து மரம் விழுந்து லைன் போனால் அதுவும் நின்றுவிடும். சுவரில் உயரத்தில் மாட்டுவதால் சூடான காற்று முதலில் தளத்தைத்தான் தொடும், தளம் வெறும் கான்கிரீட்டாக இருந்தால் அதற்கே ஒரு பங்கு போய்விடும்.

விறகு பற்றிக் கேட்பவர்களுக்கு. பழைய எஸ்டேட் பங்களாக்களில் கணப்பு அடுப்பு இருக்கும், அதற்கென்று புகைபோக்கி கட்டியிருப்பார்கள். காப்பிச் செடி கவாத்து பண்ணிய கிளைகள் சும்மா கிடைக்கின்றன என்பதும் உண்மை. உங்கள் வீட்டில் புகைபோக்கி இருந்தால், அது அடைபடாமல் இருந்தால், தாராளமாக எரியுங்கள். இல்லாத வீட்டில் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு எடுத்து வந்து அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கரிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார்கள். குளியலறையில் வைக்கிற கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கைதான், அது குளியலறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். இடுக்குகளை அடைப்பது பற்றிக் கீழே சொல்லப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், அடைத்த வீட்டில் நெருப்பு எரிக்கக் கூடாது.

இடுக்கு அடைப்பது. இதில்தான் எல்லோரும் தொடங்க வேண்டும். மர ஜன்னல்கள் பத்து வருஷ ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி, சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் போயிருக்கும். காற்று அடிக்கிற இரவில் ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாகவும் கதவின் அடியிலும் கொண்டுபோங்கள், புகை எங்கே சாய்கிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது. ஜன்னல் சட்டத்துக்கு ஒட்டும் ரப்பர் பீடிங், கதவு அடியில் திருகி மாட்டும் பிரஷ், சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே சிலிக்கான். மூன்றும் சேர்த்து ஒரு அறைக்கு எனக்கு 1,200 ரூபாய் ஆனது, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வேலை. போகும் காற்று பாதியாகக் குறைந்தாலும் பனிக்காலத்துக்கு 60 யூனிட் மிச்சம், மூன்று பனிக்காலத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். ஆனால் யூனிட் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது: முதுகில் அடிக்கும் அந்த ஊசிக் காற்று நின்றதும், தெர்மாமீட்டர் அதே எண்ணைக் காட்டினாலும் அம்மா போர்வையை இடுப்புவரை இறக்கிவிட்டுக்கொண்டார். வென்டிலேட்டரை மட்டும் முழுக்க அடைக்காதீர்கள். நாலு பேர் மூச்சு விடும் ஈரம் வெளியே போக ஒரு வழி வேண்டும்.

ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடச் சொல்லி யுபிவிசி, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் போட்ட ஜன்னல் விற்கும் ஆள் வந்து அளவெடுத்தார். நான் வேண்டாம் என்றேன். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள், மொத்தக் கண்ணாடி வழியாகவே 70 வாட்தான் போகிறது, இரட்டைக் கண்ணாடி போட்டால் 35 மிச்சம். தரைவரை தொங்கும் கனமான திரையும் மேலே ஒரு பலகைப் பெட்டியும் இரவில் அதில் பாதியையாவது செய்துவிடும். யுபிவிசி ஜன்னல் போட்டவர்கள் குளிர் குறைந்தது என்று சொல்வது பொய்யில்லை, ஆனால் அது கண்ணாடியால் வந்ததை விட இடுக்கு இல்லாததால் வந்தது. புது வீடு கட்டுகிறீர்கள் என்றால் யோசிக்கலாம்.

சுவர் பற்றியும் சுருக்கமாக. முன்கட்டின் ஒன்றரை அடிக் கல் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க உண்டு. கல்லுக்கு அந்தக் குணம் கிடையாது. அது மெதுவான சுவர், அவ்வளவுதான். சூடானால் மெதுவாக ஆறும், ஆறிவிட்டால் சூடேற்ற நாள் கணக்காகும். சனி ஞாயிறு மட்டும் வந்து தங்கும் வீடுகளில் இரண்டு நாளும் ஹீட்டர் போட்டும் குளிர் விடாததற்கு இதுதான் காரணம், அவர்கள் கிளம்பும்போதுதான் சுவர் சூடாக ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு உள்பக்கமாகப் பலகை அடிப்பது சரி. வருஷம் முழுக்க இருப்பவர்களுக்குச் சுவர் வேலை செலவு அதிகம், பலன் அப்புறம்தான். கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள், வெளிச் சுவர்ப் பக்கம் புத்தக அலமாரியோ துணி பீரோவோ ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் பூசணம் பிடிக்கும்.

தரைக்குப் பவானி ஜமுக்காளம். சிமென்ட் தரை வழியாகப் போகும் சூடு குறைவுதான், ஆனால் வெறுங்காலில் நடக்கும் வயதானவருக்கு அதுதான் முதல் குளிர்.

இப்போது மேல்தளத்துக்கு வருகிறேன். இங்கேதான் அதிகக் குழப்பம், அதிகச் செலவு, என் கருத்தில் அதிகப் பலன்.

எங்கள் மேஸ்திரி அஸ்தம்பட்டிக்காரர், நல்ல வேலைக்காரர். மொட்டைமாடியைப் பார்த்ததும், "தம்பி, கூலிங் டைல்ஸ் ஒட்டிட்டு மேல வெள்ளை பெயின்ட் அடிச்சிருவோம், சேலத்துல எல்லா ஊட்லயும் இதான்"னு சொன்னார். சேலத்துக்கு அது சரியான வேலை. ஏப்ரல் வெயில் தளத்தில் இறங்காமல் திருப்பி அனுப்புவதுதான் வெள்ளை நிறத்தின் வேலை. எங்களுக்கு மார்கழிப் பகலில் விழும் வெயில்தான் இலவசமாகக் கிடைக்கும் ஒரே சூடு, அதையும் திருப்பி அனுப்பிவிட்டு இரவில் ஹீட்டர் போடுவதா? இரவில் வெள்ளை பெயின்ட் எந்தச் சூட்டையும் பிடித்து வைக்காது. இதைச் சொன்னதும் அவருக்கும் புரிந்தது. சேலம் பழக்கத்தை அப்படியே மலைக்கு ஏற்றிவிடுவதில் வரும் தவறு இது, கட்டட வேலைக்கு ஆட்கள் எல்லாம் கீழே இருந்துதான் வருகிறார்கள் என்பதால் நிறைய வீட்டில் நடக்கிறது.

சூட்டைத் தடுப்பது காற்றை அடைத்து வைத்திருக்கும் பொருள்தான். 2 அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை, அதாவது தெர்மாகோலுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அழுத்தமான நுரைப் பலகை, அது தடுக்கிற சூட்டைத் தடுக்க வேண்டுமானால் 8 அடிக்கு மேல் கான்கிரீட் போட வேண்டியிருக்கும். அந்தப் பலகையைத் தளத்தோடு சேர்த்தால் 480 வாட் 60-க்கு வந்துவிடும். எங்கே சேர்ப்பது என்பதுதான் கேள்வி, தளத்துக்கு மேலேயா, கீழேயா?

கீழே என்றால் ஃபால்ஸ் சீலிங். நுரைப் பலகையையோ கண்ணாடிக் கம்பளியையோ வைத்து அதன் கீழே ஜிப்சம் போர்டு. எனக்குச் சொன்ன விலை சதுர அடிக்கு 150 ரூபாய், 144 சதுர அடிக்கு 21,600. மழையைப் பார்க்க வேண்டியதில்லை, மூன்று நாளில் முடியும், ஹீட்டர் போட்ட பதினைந்து நிமிஷத்தில் அறை சூடாகிவிடும், ஏனென்றால் கான்கிரீட்டைச் சூடாக்க வேண்டிய வேலை இல்லை. விருந்தினர் அறைக்கோ எப்போதாவது வந்து தங்கும் வீட்டுக்கோ இதுதான் பொருத்தம். ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. இப்படிச் செய்ததும் மேலே உள்ள கான்கிரீட் முன்பை விடவும் குளிர்ந்துவிடும், அறையின் ஈரக்காற்று ஃபேன் கொக்கி ஓட்டை வழியாகவோ லைட் ஓட்டை வழியாகவோ ஏறினால் அங்கே போய் வேர்த்து, போர்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் பூசணம் பிடிக்கும். ஏற்காட்டு மூடுபனியில் இது கற்பனை இல்லை. 20 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 14 டிகிரிக்குப் பக்கமான எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகிவிடும். அதனால் உள்பக்கமாகப் பாலிதீன் ஷீட் கொடுத்து ஓரங்களை டேப் ஒட்டி அடைத்த பிறகே போர்டு அடிக்க வேண்டும். கண்ணாடிக் கம்பளி நனைந்தால் எதற்கும் ஆகாது. சாதாரணத் தெர்மாகோலை வெறுமனே ஒட்டி விடுபவர்களும் உண்டு, தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், எலி கூடு கட்டும், அது வேண்டாம்.

மேலே என்றால் மொட்டைமாடி வேலை. தளத்தின் மீது நீர்த்தடுப்புப் பூச்சு, அதன் மேல் எக்ஸ்பிஎஸ் பலகை, ஒரு ஷீட், கோழி வலை வைத்து 2 அங்குலக் கான்கிரீட், அதற்கு மேல் தட்டோடு. தண்ணீர் இழுக்காத பலகை என்பதால் இந்த இடத்துக்கு எக்ஸ்பிஎஸ் மட்டுமே. இதில் கான்கிரீட் தளம் போர்வைக்குள் வந்துவிடுகிறது, பகலில் அறைக்குள் சேர்ந்த சூட்டையும் ஹீட்டர் கொடுத்த சூட்டையும் வாங்கி வைத்து அறைக்கே திருப்பிக் கொடுக்கும். தளம் குளிராததால் அடியில் நீர் வேர்ப்பதில்லை. முதலில் சூடேற நேரம் பிடிக்கும், தினமும் ஆள் இருக்கும் அறைக்கு அது ஒரு குறையே இல்லை.

நான் மேலேயே போட்டேன், அம்மாவின் அறைக்கு மட்டும். காரணம் வெறும் கரண்ட் கணக்கு இல்லை. கணக்கைப் பச்சையாகச் சொன்னால் மேல்தளத்தால் மிச்சமாவது வருஷத்துக்கு 250 யூனிட், 2,000 ரூபாய். மொத்த வேலைக்கும் ஆன 29,000 ரூபாயை அதில் எடுக்க 14 வருஷம் ஆகும். ஆனால் அந்தத் தளம் ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது, பழைய தளத்தை உடைத்துவிட்டுப் புதிதாகப் போட எப்படியும் 18,000 ரூபாய் ஆகியிருக்கும். நுரைப் பலகைக்காகக் கூடுதலாக ஆனது 11,000 மட்டுமே, அது ஐந்தாறு பனிக்காலத்தில் வந்துவிடும். உங்கள் மொட்டைமாடியும் ஒழுகி, உடைத்து வேலை செய்தே ஆக வேண்டிய நிலையில் இருந்தால் பலகை இல்லாமல் தட்டோடு போட்டு மூடிவிடாதீர்கள், அப்புறம் இருபது வருஷத்துக்கு அந்த வாய்ப்பு வராது. தளம் நன்றாக இருக்கும் வீட்டில், காசு கணக்கு மட்டும் பார்த்தால், உடைத்துச் செய்வது கட்டுப்படியாகாது, அங்கே சீலிங்கே போதும்.

இதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது அந்த மூலைக் கருப்பு. மேல்தளமும் வெளிச் சுவரும் சேரும் மூலையில் வருஷா வருஷம் பூசணம் கருப்பாகப் படரும், பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைப்போம், மறு மாதம் வந்துவிடும். அம்மாவின் இழுப்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று பார்த்த மருத்துவர் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்றும் வயதானவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் இருக்கிறது. ஹீட்டர் எதுவும் போடாமல் விடியற்காலை 6 மணிக்கு அந்த அறையில் 15 டிகிரி காட்டிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர், வேலை முடிந்த பிறகு வந்த பனியில் 17 காட்டியது. 20-க்கு வர மீதி மூன்று டிகிரிக்கு ரேடியேட்டரைக் குறைந்த அளவில் வைத்தால் போதும், முன்பு போல் ராத்திரி முழுக்க ஓடவில்லை. கரண்ட் போன இரவிலும் காலைவரை தாங்குகிறது. மூலையில் கருப்பு ஏறக்குறையப் போய்விட்டது, சன்ஷேட் சேரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது, ஏனென்றால் அங்கே கான்கிரீட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்த வழியாகச் சூடு போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். ஓட்டுக் கூரையின் பிரச்சினை ஓடு இல்லை, ஓட்டுக்கு நடுவே வரும் காற்று. குரங்குகள் ஓடி ஓட்டை நகர்த்திவிட்டுப் போனால் மூடுபனி நேராக உள்ளே இறங்கும். ரீப்பருக்கு அடியில் பளபளப்பான ஃபாயில் பபிள் ஷீட் அடிப்பது ஒரு வழி, விலையும் குறைவு. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்த ஷீட் கோடையில் மேலிருந்து கதிராக இறங்கும் சூட்டைத் தடுப்பதில் கெட்டி, சேலத்தில் ஷீட் கொட்டகைக்கு அற்புதமாக வேலை செய்யும். பனிக்காலத்தில் சூடு கீழிருந்து காற்றோடு மேலே ஏறுகிறது, அப்போது அதன் பலம் பாதி கூட இருக்காது. காற்றை நிறுத்துவதற்காக அடியுங்கள், சூட்டை நிறுத்தும் என்று நம்பி அடிக்காதீர்கள். நிஜமாகவே சூட்டை நிறுத்த வேண்டுமானால் பலகை சீலிங் அடித்து அதன் மேல் நுரைப் பலகை வைக்க வேண்டும், ஓட்டுக்கும் அதற்கும் நடுவே காற்று ஓட இடம் விட வேண்டும், இல்லையென்றால் கைமரமும் ரீப்பரும் ஈரத்தில் இற்றுப்போகும். ஓடுகளை எடுத்துவிட்டு பஃப் பேனல், அதாவது இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பலகை, போடுவது எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்க்கும், எனக்கு மனசு வரவில்லை. தாத்தா ஏற்றிய ஓடு. முன்கட்டில் ஃபாயில் மட்டும் அடித்தோம், அதைச் சூடாக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டோம். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவே உள்ள வாசலில் கனமான திரை போட்டாயிற்று. வீடு முழுவதையும் சூடாக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, ராத்திரி இருக்கும் இரண்டு அறைகள் போதும்.

செலவே செய்ய முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதை நான் கடைசியாகத்தான் கண்டுபிடித்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டும். மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே போடுகிற மின்சாரப் போர்வை 60 வாட் பக்கம்தான் இழுக்கும், ராத்திரி முழுக்க ஓடினாலும் 1 யூனிட் ஆகாது, 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அறை 15 டிகிரியில் இருந்தாலும் படுத்திருப்பவர் வெதுவெதுப்பாக இருப்பார். காசு மட்டும் கணக்கு என்றால் இந்தப் போர்வையும் இடுக்கு அடைப்பதும் சேர்ந்து மற்ற எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். அது பூசணத்தைத் தடுக்காது, எழுந்து குளியலறைக்குப் போகும்போது குளிரும். இருந்தாலும் இந்தப் பனிக்கே ஏதாவது செய்ய வேண்டுமே என்பவர்கள் நாளைக்கே வாங்கலாம்.

மேல்தள வேலை செய்ய நினைப்பவர்கள் மாசி பங்குனியிலேயே ஆளைப் பிடித்துவிடுங்கள். சித்திரையில் கோடை மழை ஆரம்பித்துவிடும், மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதையில் சரக்கு வண்டி ஏறுவது பெரும்பாடு, குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தாலும் நேரம் தின்னும். நுரைப் பலகை எடை இல்லாத சரக்கு, ஆனால் இடத்தை அடைக்கும், டெம்போக்காரர் எடைக்குக் கேட்கமாட்டார், நடைக்குத்தான் கேட்பார். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நடையில் ஏற்றினால் பாதிச் செலவு. எங்கள் விருந்தினர் அறைக்கு சீலிங் வேலை வரும் மாசியில் வைத்திருக்கிறேன், நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் யாராவது அதே சமயம் செய்வதாக இருந்தால் சேர்த்தே ஏற்றிக்கொள்ளலாம்.